பெட்டி என் பையில் இருந்தது

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவீர்கள். பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் எனக்கு ஒரு தகரக் கூரைப் பட்டறை இருந்தது. கார், வேன், லோரி எதுவானாலும் அதன் கரண்ட் வேலை எல்லாம் என்னிடம் வரும். எல்லாருக்கும் நான் வயர்மேன் அருளப்பன். வயரில் கரண்ட் வந்தால் விளக்கு எரியும், வராவிட்டால் எரியாது, நடுவில் மூன்றாவதாக ஒன்று கிடையாது என்பதுதான் எனக்குத் தெரிந்த வேதாந்தம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கே என் மனைவி பிடித்துத் தள்ளினால்தான் போவேன்.

இந்தக் கதையைக் கடல் தாண்டி அக்கரையில் இருக்கிற என் தொழில்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரித்தார்கள். சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மனைவியிடம் சொன்னபோது அவள், "லோரி ஓடிச்சா? நல்லதுதானே, அதுக்கு ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்றாள். ஓடக் கூடாத ஒன்று ஓடியது என்று சொன்னால், ஓடியதுதானே என்று திருப்பிச் சொல்கிறவர்களிடம் நான் என்னத்தைப் பேசுவது?

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. லோரி கந்தையா ஐயாவுடையது. ஐயா யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. சும்மா இருக்க முடியாமல் ஒரு சின்ன லோரியை வாங்கி, அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கத்திலிருந்து வாழை இலையும் தேங்காயும் ஏற்றி வந்து லிட்டில் இந்தியா கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். லோரி பழசு. ஆனால் முன்பு வைத்திருந்தவர் பழைய டீசல் எஞ்சினைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி அனுப்புகிற வண்டிகள் உண்டே, ஹாஃப்கட் என்போம், அதிலிருந்து ஒரு பெட்ரோல் எஞ்சினை எடுத்து மாட்டியிருந்தார். அந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் உண்டு. எப்போது பெட்ரோல் பீச்ச வேண்டும், எப்போது பொறி விட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அந்தப் பெட்டிதான் சொல்லும். அது இல்லையென்றால் எஞ்சின் வெறும் இரும்பு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

லோரியை ஓட்டியவன் மணியம். நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டான். அவன் மனைவி செல்விக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போய்விட்டது. இரண்டாவது உண்டாகி, அவளைத் தாசேக் கெலுகோரில் தாய் வீட்டில் விட்டிருந்தான். அந்த வீடு செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே செம்மண் பாதையில் உள்ளே தள்ளி இருந்தது, பஸ் கிடையாது. இந்த லோரிதான் அவனுக்கு எல்லாம். லோரியோ அந்த மாதம் பார்த்து அடம்பிடிக்க ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று மூச்சு விடாமல் நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஒருமுறை பினாங்கு பாலத்தின் நடுவில் நின்று, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்தே அவன் மானத்தை வாங்கிவிட்டார்கள்.

"அண்ணே, எப்படியாச்சும் சரி பண்ணிக் கொடுத்துருங்க லா. செல்விக்கு மாசம் நெருங்குது. ராத்திரியில கூப்பிட்டா நான் எதுல போவேன்?" என்று பட்டறைக்கு வரும்போதெல்லாம் கேட்பான்.

என்னிடம் வருவதற்கு முன்பே ஐயா லோரிக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தார். பிளக் மாற்றினார், பெட்ரோல் பம்ப் மாற்றினார், பில்டர் மாற்றினார், பூசணிக்காய் சுற்றி உடைத்தார். கடைசியில்தான் வயர்மேன் ஞாபகம் வந்தது. நான் பானட்டைத் திறந்து, வளைத்த கம்பி ஒன்றால் இரண்டு முனைகளைச் சேர்த்து வைத்துச் சாவியைப் போட்டேன். அப்படிச் செய்தால் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மினுக்கி மினுக்கி இன்ன இடத்தில் கோளாறு என்று காட்டும், நாம் மினுக்கலை எண்ண வேண்டும். இது எண்ண விடவே இல்லை. ஒருமுறை மங்கலாக எரிந்தபடியே நின்றது, ஒருமுறை எரியவே இல்லை, ஒருமுறை பைத்தியம் பிடித்ததுபோல் மினுக்கிக்கொண்டே போனது. பெட்டிக்குப் போகிற கரண்டைப் பார்த்தேன், எர்த்தைப் பார்த்தேன், இரண்டும் நன்றாக இருந்தன. அப்படியென்றால் பெட்டிதான்.

"ஐயா, கம்ப்யூட்டர் போச்சு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "தம்பி, உதென்ன கதை? லொறிக்குள்ள கொம்பியூட்டரோ? நான் பென்சனுக்கு வரேக்க எங்கட ஒஃபீசில ஒண்டே ஒண்டுதான் இருந்தது. அதுக்கு ஒரு தனி அறை, எயர்கொண்டிசன். தேங்காய் ஏத்துற லொறிக்கு என்னத்துக்குக் கொம்பியூட்டர்?"

அது வேறு, இது வேறு என்று சொன்னால், திரை எங்கே என்கிறார். தட்டுகிற பலகை எங்கே என்கிறார். தலையில் அடித்துக்கொண்டு, வாருங்கள் காட்டுகிறேன் என்று இடது பக்கக் கதவைத் திறந்து, பக்கத்தில் உட்கார்கிறவர் கால் வைக்கிற இடத்தின் ஓரத்தில் இருக்கிற தகட்டைக் கழற்றினேன். அதற்குப் பின்னால்தான் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே மஞ்சள்.

ஆமாம், சமையல் மஞ்சள்தான். பெட்டிக்கு நேர் மேலே டாஷ்போர்டில் ஐயா முருகன் படம் ஒட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையும் கொண்டு வந்து படத்துக்கும் லோரிக்கும் தெளிப்பார். தெளிப்பது என்றால் சும்மா இரண்டு சொட்டு இல்லை, மூலை முடுக்கெல்லாம் பட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அது படத்தின் வழியாக வழிந்து, டாஷ்போர்டு இடுக்கில் இறங்கி, வாரா வாரம் பெட்டிக்குள் போய்க் காய்ந்து, பிளக் மாட்டுகிற செம்புக் கால்களெல்லாம் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. லோரி கெடக் கூடாது என்று தெளித்த தண்ணீரே லோரியைக் கெடுத்துவிட்டது, பாருங்கள்.

ஐயா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மஞ்சள் கிருமியைக் கொல்லுற சாமான் தம்பி. அது எப்பிடிப் பழுதாக்கும்?"

நான் ஸ்பிரிட்டும் பிரஷும் வைத்துச் சுத்தம் செய்து பார்த்தேன். மாட்டியதும் ஒருமுறை கிளம்பியது, பிறகு ஒரேயடியாகப் போய்விட்டது. சாவியைப் போட்டால் பெட்ரோல் பம்ப் சத்தம்கூட இல்லை. நாலு பேராகச் சேர்ந்து தள்ளிக்கொண்டுபோய்ப் பட்டறைக்கு வெளியே சாலையோர மரத்தடியில் நிறுத்தினோம். இனி வேறு பெட்டிதான் தேட வேண்டும். மணியத்திடம் நான் இந்தப் பெட்டி விவகாரத்தை எல்லாம் விளக்கவில்லை, "சின்ன சாமான் ஒண்ணு மாத்தணும், நாளைக்கு முடிஞ்சிடும்டா" என்றுதான் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற நம்பரும் புதிதாக வாங்குகிற பெட்டியின் நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால், பழைய பெட்டியைக் கழற்றித் துணிப்பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு காலையிலேயே ஃபெரி ஏறி அக்கரைக்குப் போனேன். லோரிச் சாவி லோரியிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் இல்லாத லோரியை எவன் திருடப்போகிறான்?

வெட்டிய வண்டிகளை விற்கிற இடங்களைப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. வண்டி மூஞ்சிகள் மட்டும் வரிசையாக வெயிலில் கிடக்கும். முதல் இடத்தில் ஒரு சீனப் பெரியவர் நான் பெட்டியைக் காட்டியதும் உள்ளே போய் ஒன்றைத் தூக்கி வந்து, "சாமா, சாமா" என்றார். ஒன்றேதான், ஒன்றேதான் என்கிறார். நம்பர் வேறு. இன்னொன்று கொண்டு வந்தார், அதுவும் சாமாவாம், பிளக் போகிற ஓட்டையே வேறு மாதிரி இருந்தது. மூன்றாவது பெட்டி ஏதோ காரின் ரேடியோ என்று சத்தியமாகச் சொல்வேன். "எல்லாம் சாமா லா!" என்று என் மேலேயே எரிந்து விழுந்தார். அங்கிருந்து தாசேக் கெலுகோர் போகிற சாலையில் இன்னொரு இடம். அவன் நம்பரைப் பார்த்ததும் இருக்கிறது என்றான், ஆனால் சரக்கு இன்னும் இறக்கவில்லை, திங்கள்கிழமை வா என்றான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பக்கத்தில் சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து குடிக்க ஒரு தே சொன்னேன். பையை மேசை மேல் வைத்து, பெட்டியை வெளியே எடுத்து அந்த நம்பரை இன்னொரு முறை பார்த்து, இதற்கு ஏன் இவ்வளவு பெரிய நம்பர் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கந்தையா ஐயாவின் லோரி என்னைத் தாண்டிப் போனது.

அதே மாதிரி வேறு லோரி என்று சொல்ல வராதீர்கள். நெற்றியில் 'கந்தன் துணை' என்று எழுதியது, இடது பக்க விளக்கு உடைந்து நான் டேப் ஒட்டியது. நம்பர் பிளேட்டையும் பார்த்தேன். மணியம் ஓட்டிக்கொண்டு போகிறான். என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டிவிட்டுப் போகிறான். பெட்டி என் கையில் இருக்கிறது. நான் லோரியைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன். முதலில் எனக்கு வந்தது பயமே இல்லை, கோபம்தான். எவனோ எனக்குத் தெரியாமல் என் பட்டறையில் புகுந்து வேறு பெட்டி மாட்டிவிட்டான், என் வேலையில் கை வைத்துவிட்டான் என்று நினைத்தேன். தேநீர்க் காசைப் போட்டுவிட்டு, பெட்டியைப் பையில் திணித்து, அவனைத் துரத்திக்கொண்டு போனேன்.

ரயில் கேட்டில் பிடித்தேன். கேட் போட்டிருந்தது, லோரி வரிசையில் முதலாவதாக நின்றது. இடது பக்கமாகச் சந்தில் நுழைந்து ஜன்னல் ஓரம் போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். நான் கழற்றிய தகடு நான் வைத்த இடத்திலேயே சீட்டில் கிடந்தது. கீழே ஓரத்தில் பெட்டி இருக்க வேண்டிய இடம் காலி. அதில் மாட்டுகிற மூன்று பிளக்குகளும் வயரோடு தொங்கிக்கொண்டிருந்தன, எஞ்சின் ஆட்டத்துக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு சீராக அது என்னிடம் வந்த பிறகு ஒருநாளும் ஓடியதில்லை.

நம்பினால் நம்புங்கள். பிளக் தொங்குவதை நான் கண்ணால் பார்க்கிறேன், காதால் எஞ்சினைக் கேட்கிறேன், இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது.

மணியம் என்னைப் பார்த்துவிட்டு அழாக்குறையாகச் சொன்னான்: "அண்ணே, மாமி போன் பண்ணாங்க. செல்விக்கு ரத்தம் போகுதாம். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி வந்து பார்த்துட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாங்களாம். அவங்க வண்டி வேற யாரையோ ஏத்திக்கிட்டுப் போயிருச்சாம். நீங்க லோரியச் சரி பண்ணி வச்சது சாமி புண்ணியம் அண்ணே."

சொல்லிக்கொண்டே அவன் கை சாவிக்குப் போனது. கேட்டிலோ சிவப்பு விளக்கிலோ நின்றால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது கந்தையா ஐயாவின் உத்தரவு, அவனுக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது.

"நிறுத்தாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காரில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "சாவியத் தொடாதே மணி! ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் எஞ்சின் நிக்கக் கூடாது. எங்கேயும் நிறுத்தாதே, வீட்டு வாசல்லயும் நிறுத்தாதே."

"ஏண்ணே?"

ஏன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவன் குனிந்து அந்தப் பிளக்கைப் பார்ப்பான், அவன் பார்த்தால் நின்றுவிடும் என்று எனக்குப் பட்டது. அதைவிட வெட்கக்கேடு, நான் சத்தமாகச் சொன்னால் லோரிக்கே கேட்டுவிடும் என்று பயந்தேன். யார், நான்! "நான் சொல்றதச் செய் லா!" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். கேட் திறந்தது.

பின்னாலேயே போனேன். அவன் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது எஞ்சின் சத்தத்துக்கே காதைக் கொடுத்தேன். வீட்டு வாசலில் எஞ்சின் ஓட ஓட லோரியை விட்டுவிட்டு மணியம் உள்ளே ஓடினான். நான் லோரிக்குப் பக்கத்தில் நின்றேன். பானட் மேல் கை வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டே இரு, ஓடிக்கொண்டே இரு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி பார்த்திருந்தால் அன்றைக்கே என்னை வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பாள். செல்வியைத் தூக்கி வந்தார்கள். முகம் வெளுத்துப் போயிருந்தது, சேலை நனைந்திருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார வைத்து மாமியார் நடுவில் ஏறிப் பிடித்துக்கொண்டார். தொங்குகிற பிளக்குகள் செல்வியின் கணுக்காலில் படுகின்றன.

மாமியார் குனிந்து, "இது என்ன தம்பி, வயரெல்லாம் தொங்குது? ஷாக் அடிக்குமா?" என்று கேட்டார்.

"ரேடியோ வயர்மா. ஒண்ணும் பண்ணாது. அதப் பார்க்காதீங்க, பிள்ளையப் பாருங்க" என்று கதவைச் சாத்தினேன்.

ஆஸ்பத்திரி வரைக்கும் லோரி ஒருமுறைகூடத் தும்மவில்லை. வாசலில் ஸ்ட்ரெட்சர் வந்து செல்வியை உள்ளே கொண்டுபோனது, மணியமும் மாமியாரும் பின்னாலேயே ஓடினார்கள், லோரி நடு வாசலில் ஓடிக்கொண்டே நின்றது. நான் ஏறி அதை மெதுவாக நகர்த்தி ஓரமாக ஒரு மரத்தடியில் விட்டேன். சரி, வேலை முடிந்தது, இப்போது நிறுத்த வேண்டியதுதானே? சாவியில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன்.

உள்ளே அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இதை நிறுத்தக் கூடாது என்று ஒரு எண்ணம். லோரி எஞ்சினுக்கும் பிரசவ அறைக்கும் என்ன வயர் இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் கை போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காவல் பார்க்கிற ஜாகா வந்து எஞ்சினை நிறுத்து, புகை வருகிறது என்று மலாயில் கத்தினார். நிறுத்த முடியாது என்றேன். ஏன் என்றார். கெட்டுப்போயிருக்கிறது என்றேன். கெட்டுப்போனது எப்படி ஓடுகிறது என்று அவர் கேட்டார் பாருங்கள், அன்றைக்கு நியாயமாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். போலீசைக் கூப்பிடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போனார். நான் பையிலிருந்து பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல சூடாக இருந்தது. வெயிலில் பையில் கிடந்தது, சூடாகத்தான் இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பெட்ரோல் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, ஜபம் சொல்லத் தெரிந்ததெல்லாம் பாதிப் பாதியாக ஞாபகம் வர, வியர்த்துக் கொட்ட அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மணியம் ஓடி வந்தான். "பொம்பளப் பிள்ளைண்ணே! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா ரெண்டு பேருமே இல்லைன்னு டாக்டர் சொன்னாராம்." அவன் என் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டு மறுபடி உள்ளே ஓடினான். எனக்கும் கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. பிறகுதான் சாவியைத் திருப்பி நிறுத்தினேன். நிறுத்திய கையோடு மறுபடி திருப்பினேன். ஒரு டிக் சத்தம்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை. லோரியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். திங்கள்கிழமை சரியான நம்பர் பெட்டி வந்தது, மாட்டினேன், முதல் திருப்பிலேயே கிளம்பியது. அதோடு விட்டேனா? பெட்டியைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டுப் பார்த்தேன். தள்ளிப் பார்த்தேன். பிளக்குகளை ஆட்டிப் பார்த்தேன். சரிவில் உருட்டிப் பார்த்தேன். பெட்டி இல்லாமல் அது ஒரு நொடிகூட ஓடவில்லை, ஓடவும் முடியாது.

அப்போது கந்தையா ஐயாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன், மணியத்திடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சந்தேகப்படவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே தம்பி. நான் காலமை உம்மட பட்டறையடிக்கு வந்து தெளிச்சுப்போட்டுத்தான் போனனான். லொறி மரத்தடியில பேசாமல் நிண்டது. மூலை முடுக்கெல்லாம் படத் தெளிச்சன். நீர் என்னடா எண்டால் மஞ்சள் பழுதாக்கிப்போட்டுதெண்டு கதை சொன்னீர்!"

அடுத்த வெள்ளிக்கிழமையே புதுப் பெட்டியின் தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். நான் பெட்டியைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுத் திரும்ப மாட்டினேன். அவர் இருந்தவரை தெளித்துக்கொண்டே இருந்தார், நான் பையை மாற்றிக்கொண்டே இருந்தேன். போன பிறகும் அந்த மனிதரிடம் என்னால் வாதாடி ஜெயிக்க முடியவில்லை.

மணியத்தின் மகளுக்குப் போன வருஷம் நிச்சயதார்த்தம். நான் போயிருந்தேன். அந்தப் பெண் ஓடி வந்து, "பெரியப்பா, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுப் போனாள். மணியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தலை நரைத்துவிட்டது. மகளைப் பார்த்தபடியே கேட்டான்:

"அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு. அன்னிக்கு கேட்டுல எஞ்சினை நிறுத்தாதேன்னு கத்துனீங்களே, எதுக்கு?"

இத்தனை வருஷத்தில் அதற்கு ஒரு பதிலை நான் தயார் செய்து வைத்திருந்தேன். "பேட்டரி வீக்காயிருந்துச்சு மணி. நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகியிருக்காது" என்றேன்.

அவன் தலையாட்டினான். "நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனாலதானே நான் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டுப் போயிருந்தீங்க."

"என்ன?"

"நான் பட்டறைக்கு ஓடி வந்தப்பவே லோரி ஓடிக்கிட்டுத்தானே நின்னுச்சு. கதவுகூடத் திறந்திருந்துச்சு. நான் சாவியத் தொடவே இல்லைண்ணே, ஏறி உட்கார்ந்து கியர் போட்டேன், அவ்வளவுதான். மாமி உங்களுக்கும் போன் பண்ணியிருப்பாங்க, அண்ணன் எனக்காக ரெடி பண்ணி வச்சிருக்காருன்னு வழியெல்லாம் உங்களக் கும்பிட்டுக்கிட்டே போனேன். அது நீங்கதானே?"

எதிரே அவன் மகள் யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா மணி, நான்தான்" என்றேன்.